முப்பது ரூபாயும் ஓர் இனிஷியலும்

முட்டாள்தனத்தில் பல ரகம் உண்டு. என்னுடையது கோர்ட்டில் பதிவான ரகம். தான் கொடுக்கவேண்டிய ஜீவனாம்சத்தைத் தானே ஏலம் கேட்டு ஏற்றிக்கொண்டவன் தென்னாற்காடு ஜில்லாவிலேயே நான் ஒருவன்தான் என்று என் வக்கீல் கடைசிவரை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். மறுக்க முடியவில்லை. நடந்தது அதுதான்.

அப்போது நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கமிஷன் மண்டியில் ஏலம் கூவுகிறவனாக இருந்தேன். வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். மல்லாட்டையைக் கொட்டிவைத்த குவியலைச் சுற்றி வியாபாரிகள் நிற்பார்கள். நான் ஒரு விலை சொல்லி ஒரு மூச்சு நிறுத்துவேன். அந்த நிறுத்தத்தில் எவனாவது ஏற்றிக் கேட்கவேண்டும். கேட்கவில்லையென்றால், பீடி பற்றவைக்க ஒதுங்கி நிற்கும் எவனோ கேட்டதாக நானே ஏற்றிவிடுவேன். அவன் திரும்பிப் பார்ப்பதற்குள் விலை இரண்டு படி மேலே போயிருக்கும். தொழில் அப்படி.

விவாகரத்து வழக்கு மஞ்சக்குப்பம் கோர்ட்டில் முடிந்த அன்று ஜட்ஜ் பேனாவைத் தூக்கிப் பிடித்து, "மாசம் இருபத்தஞ்சு" என்றார். சொல்லிவிட்டு இரண்டு பக்கத்தையும் பார்த்தார். ஒரு மூச்சு நிறுத்தினார்.

"முப்பது!" என்றது ஒரு குரல். நல்ல கணீரென்ற குரல். யாரென்று நானும் திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வக்கீல் என் காலை மிதித்தார், ஆனால் ஏலம் முடிந்த பிறகு மிதித்து என்ன பயன்? ஜட்ஜ் சிரிக்காமல் முப்பது என்று எழுதினார். எனக்குச் சம்பளம் தொண்ணூறு. எதிர் வரிசையில் என் மனைவி, அதாவது அந்த நிமிஷத்தோடு மனைவியாக இல்லாமல் போனவள், தலையைக் குனிந்துகொண்டாள். சிரித்தாளா, நெற்றியில் அடித்துக்கொண்டாளா என்று எனக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு ரொம்ப நாள் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

அவள் என்மேல் சொன்ன குறை ஒன்றுதான். அடித்ததில்லை, குடித்ததில்லை. "நாலு வருஷத்துல நான் கேட்ட ஒரு கேள்விக்காவது நேராப் பதில் சொல்லியிருக்காரான்னு கேளுங்க" என்றாள் கூண்டில் நின்று. ஜட்ஜ் என்னைப் பார்த்து, "உண்மையா?" என்று கேட்டார். "எந்த வருஷத்தை ஐயா கேக்குறீங்க?" என்றேன். வழக்கு அங்கேயே முடிந்துவிட்டது. மீதியெல்லாம் காகித வேலை.

ஆக, மாதம் பிறந்தால் திருப்பாதிரிப்புலியூர் தபாலாபீசில் நின்று சிதம்பரத்துக்கு முப்பது ரூபாய் மணியார்டர் செய்வது என் வழக்கமாகிவிட்டது. அவள் அங்கே அண்ணன் வீட்டில் இருந்தாள். மணியார்டர் பாரத்தின் அடியில் கூப்பன் என்று ஒரு துண்டு உண்டு. பணம் அனுப்புகிறவர் ஏதாவது எழுதலாம், தபால்காரர் அதைக் கிழித்து, வாங்குகிறவர் கையில் கொடுத்துவிடுவார். காலி இடத்தைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது. 'இங்கு மழை. மண்டியில் மல்லாட்டை முளைத்துவிட்டது. முதலாளிக்குத் தலையில் இன்னும் முளைக்கவில்லை' என்று ஒரு மாதம் எழுதினேன். அரிசிக்கு எல்லா ஊரிலும் வரிசையில் நின்ற வருஷத்தில், 'ரேஷன் கடையில் எனக்கு முன்னால் நின்றவர் இன்று சஷ்டியப்தபூர்த்திக்கு அழைத்தார். வரிசையில் சேரும்போது அவருக்கு நாற்பது' என்று எழுதினேன்.

பதில் வராது. வருவது ரசீது மட்டும். பணம் வாங்கியதற்கு அவள் கையெழுத்துப் போட்ட துண்டு, ஒரு வாரத்தில் எனக்குத் திரும்பி வரும். அதையே நான் கடிதம் மாதிரி படிப்பேன். நீல மையா, கறுப்பு மையா? அவசரத்தில் போட்டதா, உட்கார்ந்து போட்டதா? ஒருமுறை ஓரத்தில் மஞ்சள் கறை இருந்தது. அன்று அங்கே என்ன குழம்பு என்று மண்டியில் உட்கார்ந்து அரை நாள் யோசித்தேன்.

கையெழுத்தில் அவள் பெயருக்கு முன்னால் 'ச.' இருக்கும். அது என் பெயரின் முதலெழுத்து. கல்யாணத்துக்குப் பிறகு அவள் போட்டுக்கொண்டது. பாரத்தில் பெயர் எழுதும்போது பழக்கத்தில் நானும் 'ச.' போட்டே எழுதுவேன். விவாகரத்து ஆகி இரண்டு வருஷம் அப்படியே போய்க்கொண்டிருந்தது. கோர்ட் என்னை விடுவித்துவிட்டது, இனிஷியல் விடுவிக்கவில்லை.

பிறகு ஒரு ஐப்பசியில் வந்த ரசீதில் 'ச.' இல்லை. 'து.' இருந்தது.

அன்று நான் ஏலத்தில் மூன்று குவியலைத் தப்பான ஆளுக்குத் தள்ளிவிட்டேன். முதலாளி பார்த்த பார்வையைச் சொல்லவேண்டாம். உட்கார முடியவில்லை. நின்றால் நடக்கவேண்டும் போலிருந்தது, நடந்தால் உட்காரவேண்டும் போலிருந்தது. மண்டிக்கு வரும் தரகர் ஒருவர், கடலூர் ஓல்டு டவுனைச் சேர்ந்த முஸ்லிம், எனக்கு நெருங்கிய சிநேகிதர். அவரிடம் ரசீதைக் காட்டினேன்.

"மச்சான், இதுல யோசிக்க என்ன இருக்கு? இனிஷியல் மாறிட்டா வூட்டுக்காரன் மாறிட்டான்னு அர்த்தம். அந்தம்மா நிக்காஹ் முடிச்சிட்டாங்க."

"அவுங்க நிக்காஹ் முடிக்க மாட்டாங்க, மச்சான். எங்கள்ல கல்யாணம்."

"ஏதோ ஒண்ணு. பணத்த நிறுத்து. எங்களுக்கெல்லாம் தலாக்குக்கு அப்புறம் இத்தா மூணு மாசம் முடிஞ்சா அதோட சரி. நீ இன்னொருத்தன் பொண்டாட்டிக்கு முப்பது ரூபா அனுப்பிக்கிட்டு, ஜோக்கு வேற எழுதி அனுப்புற. அந்த ஆளு படிச்சு சிரிச்சிக்கிட்டு இருப்பான்."

கடைசி வாக்கியம் சுருக்கென்றது. பணம் போனால் போகிறது. என் ஜோக்கை யாரோ ஒரு 'து.' சாய்வு நாற்காலியில் சாய்ந்து படிக்கிறான் என்பதை என்னால் தாங்க முடியவில்லை.

அன்று சாயங்காலமே வக்கீலிடம் போனேன்.

"மறு கல்யாணம் பண்ணிக்கிட்டா உத்தரவை ரத்து பண்ணச் சொல்லி மனு போடலாம்யா. ஆனா நீயா நிறுத்திடாத. அந்தப் பொண்ணு உன் சம்பளத்தை அட்டாச் பண்ணிடும். மாப்பிள்ளை பேரு என்ன?"

"து."

வக்கீல் மேசைக்கு அந்தப் பக்கம் நாற்காலியைத் தள்ளிக்கொண்டார். "என்னைப் பாத்தா துப்பறே?"

"இல்ல சார், இனிஷியல். அவ்வளவுதான் தெரியும்."

"இதை நான் ஜட்ஜ் முன்னால எப்படிச் சொல்றது? மாப்பிள்ளை யாருன்னு கேப்பாரு, நான் 'து'ம்பேன், உனக்குப் பதிலா என்னை உள்ள தள்ளுவாரு. சிதம்பரம் போய் ஆள் யாரு, எப்ப நடந்துதுன்னு விசாரிச்சிட்டு வா." அவர் அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து அவருக்கும் தொற்றிக்கொண்டிருக்கவேண்டும். "சரி, இப்பவே ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போ. மனுவை டைப் பண்ணி நாளான்னிக்குக் காலையில குமாஸ்தாகிட்ட குடுத்துத் தாக்கல் பண்ணிடறேன். விவரத்தைப் பின்னால சேத்துக்கலாம்."

போட்டேன். காலிக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டவன் என்ற பட்டமும் எனக்கு உண்டு.

மறுநாள் காலை ரயில். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் எத்தனை ஸ்டேஷனோ, அத்தனையிலும் நான் இறங்கி ஏறினேன். பரங்கிப்பேட்டையில் ஏற மறந்து, ஓடிப் பிடித்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சேத்தியாத்தோப்பு விவசாயி, "வயிறு சரியில்லீங்களா?" என்று அக்கறையாகக் கேட்டார். ஆமாம் என்றேன். அதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

அவள் அண்ணன் வீடு தெற்கு வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில். சந்துக்குள் நுழையத் தைரியமில்லாமல் நான்கு வீதிகளையும் சுற்றி வந்தேன். தெற்கு வீதி, மேல வீதி, வடக்கு வீதி, கீழ வீதி. தேர்கூட ஒரு சுற்றோடு நிலைக்குப் போய்விடும். நான் மூன்றாவது சுற்றில் இருந்தபோது வெற்றிலைக் கடைக்காரர், "எதாவது வேண்டுதலா சார்?" என்றார்.

அப்போதுதான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அந்தச் சந்திலிருந்து தபால்காரர் வந்தார். ஐம்பது வயது இருக்கும், காக்கிச் சட்டையில் குடையின் சாயம் ஒழுகியிருந்தது. ஓடிப்போய் மறித்து, கடலூரிலிருந்து வருகிறேன், மணியார்டர் ரசீதைப் பற்றி ஒரு சந்தேகம் என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். முகம் மலர்ந்தது. "மல்லாட்ட மொளச்சதுன்னு எழுதுனது நீங்கதானா?"

நான் தலையை ஆட்டினேன்.

"அந்த முதலாளி தலை! சைக்கிள்லேருந்து விழத் தெரிஞ்சேன் சார். எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் சொன்னேன். ரேஷன் க்யூ இன்னும் பிரமாதம். மாசம் ஆச்சுன்னா, கடலூர் மணியார்டர் வந்துருச்சான்னு தபால் பிரிக்கும்போதே கேக்கறாங்க."

இரண்டு வருஷமாக எழுதியதற்கு ஒரு வாசகர் வட்டமே இருந்திருக்கிறது. ஆனால் நான் எழுதியது அவர்களுக்கில்லை.

"அவுங்க படிப்பாங்களா?" என்றேன்.

"கிழிச்சுக் கையில குடுப்பேன். மடிச்சிக்கிட்டு உள்ள போயிடுவாங்க. அவ்ளோதான் எனக்குத் தெரியும்."

"சிரிப்பாங்களா?"

"என் எதிர்ல சிரிச்சதில்ல சார்."

இனிஷியலைப் பற்றிக் கேட்டேன். "இந்தத் தடவை பாரத்தப் பாத்துட்டு 'இது என் பேரு இல்ல'ன்னாங்க. 'அப்ப திருப்பி அனுப்பிடவாம்மா'ன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, வேற எழுத்தப் போட்டுக் கையெழுத்துப் போட்டாங்க. ஆளு தெரிஞ்ச ஆளு, நானும் கண்டுக்கல. கல்யாணம் ஆயிடுச்சான்னா கேக்கறீங்க? அதை என்கிட்ட கேக்கலாமா சார்? அதோ வீடு. கேட்டுக்குங்க."

வாசலில் அவள் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். நான் மாப்பிள்ளையாக இருந்தவரை "மாப்ள" என்பார். இப்போது, "வாங்க சார்" என்றார். சார்! உள்ளே நாற்காலியைக் காட்டி மோர் கொடுத்தார். நான் உட்காராமல் ரசீதை நீட்டி, "இந்த 'து.' யாரு?" என்றேன்.

அவர் ரசீதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு சுவரைப் பார்த்தார். சுவரில் மாலை போட்ட படமாக என் மாமனார்.

"எங்க அப்பா" என்றார்.

எனக்கு மாமனார் பெயர் தெரியாது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உண்மை. நேரில் 'மாமா', முதுகுக்குப் பின்னால் 'மேல்பட்டாம்பாக்கத்தார்'. எங்கள் வீட்டில் அவரை எல்லோரும் ஊர்ப் பெயரால்தான் சொல்வோம். கல்யாணப் பத்திரிகையில் அவர் பெயர் இருந்திருக்கும். கோர்ட் காகிதத்தில் 'இன்னாரின் மகள்' என்று நாலு இடத்தில் இருந்திருக்கும். இரண்டிலும் நான் என் பெயர் சரியாக அச்சாகியிருக்கிறதா என்று மட்டும் பார்த்தவன். நாலு வருஷம் அவர் வீட்டில் தலைதீபாவளியிலிருந்து பொங்கல்வரை சாப்பிட்டுவிட்டு, செத்துப்போனவரைத் தேடி ரயிலேறி வந்திருக்கிறேன்.

"அப்ப கல்யாணம் ஆகலையா?" என்றேன். குரலில் சந்தோஷம் தெரிந்துவிட்டது. எனக்கே திடுக்கென்றது. ஆகியிருந்தால்தானே என் முப்பது ரூபாய் மிச்சம்?

அண்ணன் உள்பக்கம் திரும்பினார். உள்ளிருந்து அவள் வந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள், கையில் சாக்பீஸ் தூள். ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை என்று பிறகு தெரிந்தது.

"தை மாசம்" என்றாள்.

எனக்கு ஒரு புதுச் சிக்கல் வந்தது. அவளை 'நீ' என்பதா, 'நீங்க' என்பதா? நீ என்றால் உரிமை, நீங்க என்றால் கிண்டல் என்று நினைத்துக்கொள்வாள். இரண்டும் இல்லாமல் பேச முயன்றேன். "மாப்பிள்ளை எந்த ஊரு? அதாவது, எந்த ஊர்ல கல்யாணம்? அதாவது… சந்தோஷம்."

"இங்கதான். அவரும் வாத்தியார். சம்சாரம் தவறிட்டாங்க. எல்லாம் சொல்லித்தான் பேசியிருக்கு. இன்னொருத்தர் எழுத்தப் போட்டுக்கிட்டு அந்த வீட்டுக்குப் போக வேணாம்னு நான்தான் மாத்திக்கிட்டேன். தையிலேருந்து பணம் அனுப்ப வேணாம்னு எழுதணும்னு இருந்தேன். நீங்களே வந்துட்டீங்க." கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டினாள். "உங்க பணத்துலதான் டிரெயினிங் முடிச்சேன். அதையும் சொல்லணும்."

"அஞ்சு ரூபா ஜாஸ்தி குடுத்தது வீண் போகல" என்றேன். அண்ணன் மட்டும் லேசாகச் சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. "ஒண்ணே ஒண்ணு. மறுபடி கோர்ட்டு, கேஸுன்னு எதுவும் வேணாம். மாப்பிள்ளையோட அம்மா வயசானவங்க. ரொம்ப யோசிச்சுத்தான் சரின்னாங்க. கல்யாணத்துக்கு முன்னால ஒரு அமீனா இந்த வாசல்ல வந்து நின்னு, சம்மனக் கையில வச்சிக்கிட்டு என் பேரச் சொல்லிக் கூப்பிட்டான்னா, அவ்ளோதான், நின்னுரும். அப்புறம் எனக்கு இன்னொண்ணு அமையாது."

நான் மோரைக் குடித்தேன். தீர்ந்த பிறகும் குடித்தேன்.

அவளுக்கு என்னைத் தெரியும். "கேஸ் போட்டிருக்கீங்களா?" என்றாள். "நேராச் சொல்லுங்க. போட்டிருக்கீங்களா, இல்லையா?"

நாக்கு நுனியில் மூன்று ஜோக் வந்து நின்றது. நல்ல ஜோக்குகள்தான், ஒன்று இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

"போடச் சொல்லிட்டேன்" என்றேன். "நாளைக்குக் காலையில தாக்கல். கல்யாணம் ஆயிடுச்சுன்னு எழுதிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன். போய் நிறுத்திடறேன்."

அவள் என்னையே பார்த்தாள். இப்படி ஒரு பதில் என் வாயிலிருந்து வரும் என்று எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. நானும் எதிர்பார்க்கவில்லை.

"கெளம்புங்க அப்ப" என்றாள்.

கிளம்பினேன். அன்றைக்கென்று மழை பிடித்துக்கொண்டது. ரயில் தாமதம் என்றார்கள், பிறகு இல்லவே இல்லை என்றார்கள். பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன், வெள்ளாற்றில் தண்ணீர் ஏறுகிறது, விடிந்துதான் வண்டி என்றார்கள். விடியும்வரை அந்த பஸ் ஸ்டாண்டின் நீளத்தை நான் அளந்த மாதிரி நெடுஞ்சாலைக்காரர்கள்கூட அளந்திருக்கமாட்டார்கள். முதல் பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் நின்று, அவர் பிரேக் போட்ட போதெல்லாம் நானும் காலை அழுத்திக்கொண்டே வந்தேன். "நீங்களே ஓட்டுறீங்களா?" என்றார்.

மஞ்சக்குப்பத்தில் இறங்கி ஓடியபோது மணி பத்தேகால். வக்கீல் குமாஸ்தா கேரியரில் கட்டு வைத்து சைக்கிளில் கோர்ட் கேட்டுக்குள் திரும்பிக்கொண்டிருந்தார். நான் சக்கரத்துக்கு முன்னால் போய் விழுந்தேன். நிறுத்தச் சொல்லிக் கத்தத்தான் நினைத்தேன், செருப்பு வழுக்கிவிட்டது. கட்டு அவிழ்ந்து சேற்றில் கொட்டியது. என் மனு எது என்று தேடி எடுத்து அங்கேயே நாலாகக் கிழித்தேன்.

"யோவ், இது நெய்வேலிக்காரர் நெலத் தகராறுய்யா!" என்று குமாஸ்தா அலறினார்.

என்னுடையது அதற்கடுத்தது. அதையும் கிழித்தேன். நெய்வேலிக்காரர் மனுவை மறுபடி டைப் அடிக்க நான்தான் செலவு கொடுத்தேன்.

மார்கழியில் கடைசி மணியார்டர் அனுப்பினேன். பெயருக்கு முன்னால் 'து.' போட்டு எழுதினேன், கை தயங்கியது. கூப்பனைக் கையில் வைத்துக்கொண்டு தபாலாபீசில் எத்தனை நேரம் நின்றேனோ, கௌண்டரில் இருந்தவர் இரண்டு முறை, "எழுதிட்டீங்களா?" என்றார். ஜோக் எதுவும் வரவில்லை. கேள்விதான் வந்தது. அதிலும் 'சிரித்தாயா' என்று எழுதுவதா, 'சிரித்தீர்களா' என்று எழுதுவதா என்று மறுபடி அதே தொல்லை. கடைசியில் இரண்டையும் விட்டு, 'இத்தனை மாதம் எழுதியதில் ஒன்றுக்காவது சிரிப்பு வந்ததுண்டா?' என்று எழுதி நீட்டினேன்.

ரசீது வந்தது. 'து.', நீல மை, உட்கார்ந்து போட்ட கையெழுத்து. வேறொன்றும் இல்லை.

தையில் கல்யாணம் நடந்தது. எனக்குப் பத்திரிகை வரவில்லை, வரவும் கூடாது. அந்த மாதப் பிறப்பில் கால் பழக்கத்தில் தபாலாபீசுக்குப் போய்விட்டது. போனதற்கு ஒரு கார்டு வாங்கிக்கொண்டு திரும்பினேன். அதை யாருக்கு எழுதுவது என்று தெரியாமல் சட்டைப் பையிலேயே வைத்திருந்து, சட்டையோடு சலவைக்குப் போட்டுவிட்டேன்.

மாசியில், தனக்கு மறுமணம் ஆகிவிட்டது, ஜீவனாம்சம் இனி வேண்டாம் என்று அவளே கையெழுத்துப் போட்டு வக்கீலுக்கு அனுப்பிவைத்தாள். அதைச் சேர்த்து மனு போட்டதில் அமீனா யார் வீட்டு வாசலுக்கும் போகவில்லை. அதே ஜட்ஜ்தான். படித்துவிட்டு, "உத்தரவு ரத்து" என்றார். பேனாவைத் தூக்கிப் பிடித்து என்னைப் பார்த்து ஒரு மூச்சு நிறுத்தினார்.

இந்தத் தடவை வக்கீல் முன்கூட்டியே என் காலை மிதித்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் உள்ளே ஒரு குரல் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. எவ்வளவுக்குக் கேட்டது என்று சொல்லமாட்டேன்.

வராந்தாவுக்கு வந்ததும் வக்கீல் கட்டைப் பிரித்து, அவள் அனுப்பிய கவரிலிருந்து மடித்த சின்னத் துண்டு ஒன்றை எடுத்தார். "இது அந்தப் பொண்ணு லெட்டரோட வந்துது. எவிடென்ஸ் இல்ல, நீயே வச்சுக்க."

என் மார்கழிக் கூப்பன். என் கேள்வி என் கையெழுத்தில் அப்படியே இருந்தது. அதற்குக் கீழே நீல மையில், டீச்சர் எழுத்தில், ஒரே ஒரு வரி எழுதியிருந்தாள்:

'தபால்காரர் சிரிப்பார்.'